மூன்று பேர் தைத்த குளிர்காலக் குயில்ட்: எங்கே பிசகியது, எப்படிச் சரியானது

சோபாவில் இருவர் சேர்ந்து போர்த்திக்கொள்ளும் அளவில் ஒரு குயில்ட், அதாவது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த போர்வை. அம்மா, கல்லூரி முடித்த மகள், அம்மாவின் தங்கை என மூன்று பேர் ஒரு குளிர்காலம் முழுக்க, வீட்டு வேலைக்கும் வெளி அலைச்சலுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் தைத்தது. மூவருக்கும் தையல் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் நான்கு இடத்தில் கோளாறு வந்தது. பிளாக் எனும் சதுரக் கட்டங்களின் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பார்டர் அலையடித்தது. அடித்துணியில் மடிப்பு விழுந்தது. கடைசியில், முதல் சலவைக்குப் பிறகு சிவப்புச் சாயம் வெளிர் துணியில் இறங்கியது.

தையல் தெரியாததால் வந்த கோளாறு இவற்றில் ஒன்றுகூட இல்லை. முதல் மூன்றும் வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய இடத்திலோ, பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்த இடத்திலோ வந்தன. நான்காவதற்குக் காரணம், முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனையைச் செய்யாததும் குளிர்காலத்தின் மெதுவான உலர்தலும். வீட்டில் பலர் சேர்ந்து தைக்கும் எந்த வேலைக்கும் இது பொருந்தும் என்பதால் ஒவ்வொன்றையும் விரிவாகப் பார்ப்போம்.

திட்டமும் துணிக் கணக்கும்

ஒன்பது சதுரம் சேர்ந்தது ஒரு பிளாக். குறுக்கே 5, நெடுக்கே 6, மொத்தம் 30 பிளாக். தைத்து முடித்த பிளாக் 12 இன்ச் என்பது திட்டம். அதற்குச் சதுரங்களை 4½ இன்ச்சில் வெட்ட வேண்டும், ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கு ¼ இன்ச் விட வேண்டும். சிவப்பும் வெளிர் நிறமும் மாறி மாறி வருவதால் 15 பிளாக்கில் 5 சிவப்பு 4 வெளிர், மீதி 15 பிளாக்கில் 4 சிவப்பு 5 வெளிர். ஆக ஒவ்வொரு நிறத்திலும் 135 சதுரம்.

சிவப்பில் மூன்று வகை, வெளிரில் மூன்று வகைத் துணி எடுத்தார்கள். துணிக்கு 45 சதுரம். கரையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 42 இன்ச் அகலத் துணியில் 40 இன்ச்தான் நம்பி வெட்ட முடியும். 4½ இன்ச் பட்டை ஒன்றில் 8 சதுரம் கிடைக்கும். 45 சதுரத்துக்கு 6 பட்டை, அதாவது 27 இன்ச், கிட்டத்தட்ட 69 செ.மீ. சுருக்கத்துக்கும் வெட்டுப் பிழைக்கும் சேர்த்து வகைக்கு 80 செ.மீ. வாங்கியது சரியான கணக்கு.

பார்டருக்கும், வெளி ஓரத்தை மூடித் தைக்கும் ஓரப்பட்டிக்கும் ஒரே கருநீலத் துணி, 2.1 மீட்டர். இந்த இடத்தில் அம்மாவின் யோசனை பாராட்டத்தக்கது. துணியின் நீளவாட்டில், கரைக்கு இணையாக வெட்டினால் 4½ இன்ச் அகலத்தில் நான்கு பார்டர் பட்டைகள் ஒட்டுப் போடாமலே கிடைக்கும். மிச்சமிருக்கும் அகலத்தில் 2½ இன்ச் பட்டைகள் நான்கு வெட்டினால் ஓரப்பட்டிக்கும் போதும். பார்டரோடு போர்வை 68 × 80 இன்ச், சுற்றளவு 296 இன்ச், மூலை மடிப்புக்கும் கடைசி இணைப்புக்கும் 12 இன்ச் கூட்டினால் 308. நான்கு பட்டைகளை இணைத்தால் சுமார் 320 கிடைக்கிறது. நீளவாட்டு நூல் அவ்வளவாக இழுபடாது என்பது பார்டருக்குக் கூடுதல் நன்மை. நேரான ஓரத்துக்கு இந்த ஓரப்பட்டி போதுமானது, வளைந்த ஓரம் என்றால் கிராஸில், அதாவது துணியின் மூலைவாட்டில்தான் வெட்ட வேண்டும்.

அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பான பேட்டிங்கும் எல்லாப் பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, 76 × 88 இன்ச். பேட்டிங் 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர். அடித்துணிக்கு 88 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து நெடுக்காக இணைத்தார்கள். குறுக்காக இணைத்தால் இரண்டு அகலம் சேர்ந்தும் 84 இன்ச்தான் வரும், 88 எட்டாது.

நிறம் தேர்ந்தது மாலை வெளிச்சத்தில். மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றுபோலத் தெரியும். வெளிர் துணி மூன்றில் ஒன்று பளீர் வெள்ளை என்பது மறுநாள் ஜன்னல் ஓரத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. வெட்டுவதற்கு முன்பே தெரிந்ததால் மாற்றிவிட்டார்கள். பகல் குறைந்த மாதங்களில் வெட்டும் முடிவைப் பகலுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

முதல் கோளாறு: 30 பிளாக், இரண்டு அளவு

சதுரங்களை வெட்டியது ஒருவரே, ஒரே ஸ்கேலில். ஆனால் தைத்தது இரண்டு மெஷினில். 12 பிளாக் அம்மாவின் மெஷினில், கால் இன்ச் ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) போட்டு. மீதி 18 பிளாக் மகளின் மெஷினில், சாதாரண ஃபுட்டோடு, ஊசித் தகட்டில் இருந்த 7 மி.மீ. கோட்டைப் பிடித்து.

கால் இன்ச் என்பது 6.35 மி.மீ. வித்தியாசம் 0.65 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் ஒரு தையல் இரண்டு பக்கத் துணியையும் விழுங்குகிறது, அதனால் தையலுக்கு 1.3 மி.மீ. போகிறது. ஒன்பது சதுர பிளாக்கில் ஒரு திசையில் இரண்டு தையல், எனவே பிளாக் 2.6 மி.மீ. குறைகிறது. ஐந்து பிளாக்கையும் இணைக்கும் நான்கு தையலையும் அதே கோட்டில் போட்டால் வரிசைக்கு 18 மி.மீ., கிட்டத்தட்ட முக்கால் இன்ச் காணாமல் போகும். இந்த வீட்டில் இரண்டு வகை பிளாக்கும் கலந்தே வரிசைகளில் போயின. இரண்டாவது வரிசையை மூன்றாவதோடு வைத்துக் குண்டூசி குத்தும்போதுதான் சந்திப்புகள் விலகி நிற்பது தெரிந்தது.

இழுத்துப் பொருத்தித் தைத்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்தால் பெரிய பிளாக்கின் உபரித் துணி நடுவில் உப்பி நிற்கும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குயில்ட்டிங் போடும்போது சுருக்கமாக மாறும். இவர்கள் அதைச் செய்யவில்லை. தைத்த வரிசைகளைப் பிரித்து, எல்லா பிளாக்கையும் சதுர ஸ்கேல் வைத்து 12⅜ இன்ச்சுக்கு வெட்டிச் சமன் செய்தார்கள். முக்கியமான விஷயம், பெரிய பிளாக்கில் ஒரே பக்கத்தில் வெட்டிவிடக் கூடாது. ஸ்கேலின் நடுவை நடுச் சதுரத்தின் நடுவில் வைத்து நான்கு பக்கமும் சுமார் 1.5 மி.மீ. எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பக்கத்துப் பிளாக்கின் உள்தையலோடு உள்ள விலகல் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

முன்பே பிடித்திருக்கக்கூடிய வழி எளிது. 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி ஒன்றோடொன்று தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 இன்ச், மொத்தம் 3½ இன்ச் இருந்தால் மெஷின் தயார். குறைந்தால் ஊசியைச் சற்று வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அது முடியாத மெஷினில் தகட்டில் புது இடத்தில் டேப் ஒட்ட வேண்டும். துணி மடங்கும் இடத்திலும் ஓரிரு நூலிழை அகலம் போய்விடுவதால், கால் இன்ச்சுக்கு ஒரு நூலிழை குறைவாகத் தைப்பதே சரியான அளவைத் தரும். எத்தனை மெஷின் உண்டோ அத்தனையிலும் இந்தச் சோதனை வேண்டும். ஃபுட்டைக் கழற்றி மாட்டினாலும் மறுபடி வேண்டும்.

இதோடு இன்னொன்று. மகளின் மெஷின் இருந்த பின்னறையில் ஹீட்டர் இல்லை. குளிரில் எண்ணெய் கெட்டியாகி முதல் சில நிமிடம் மெஷின் கனமாக ஓடும். நூல் கோக்காமல், பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டுத் தைத்தால் தையல் சீராக வரும். குளிர்ந்த மெஷினைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உலோகத்தில் ஈரம் பூக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, துடைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இஸ்திரியில் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஒரு விதி இருந்தது, அது வேலையைக் காப்பாற்றியது. எல்லாத் தையலையும் சிவப்புப் பக்கமே மடித்து அழுத்துவது. நிறம் மாறி மாறி வருவதால் அடுத்தடுத்த வரிசைகளின் மடிப்பு தானாகவே எதிரெதிர் பக்கம் விழுந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். சிவப்பு ஓரம் வெளிர் துணிக்கு அடியில் நிழலாடுவதும் இல்லை. யார் எந்த பிளாக்கை எடுத்தாலும் யோசிக்கத் தேவையில்லாத விதி இது.

இரண்டாவது கோளாறு: அலையடித்த பார்டர்

அளவு மாறியதால் மேல்துணி இப்போது 59⅞ × 71¾ இன்ச். பழைய திட்டத்தாளில் 60½ × 72½ என்றே இருந்தது. வெளியே கிளம்பும் அவசரத்தில், அளக்காமல் 82 இன்ச் பட்டையை அப்படியே வைத்துத் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். தரையில் விரித்தபோது இரண்டு பக்கமும் அலை. பிரித்து அளந்ததில் பார்டர் 73 இன்ச், மேல்துணியின் நடுநீளத்தைவிட 1¼ இன்ச் அதிகம்.

துணி நேர் நூலில் வெட்டியிருந்தும் இது ஏன்? பிளாக் தையல்கள் புரண்டுவிடாமல் பார்க்க வேண்டும் என்பதற்காக மேல்துணியை மேலே, பார்டரை அடியில் வைத்துத் தைத்தார்கள். மெஷினின் பல் அடியில் இருப்பதை வேகமாக இழுக்கும், ஃபுட் மேலே இருப்பதைத் தடுத்து நிறுத்தும். குண்டூசி இல்லாவிட்டால் அடியில் உள்ள துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

சரிசெய்த முறை: மேல்துணியை நடுவிலும், இரண்டு ஓரத்திலிருந்தும் சற்று உள்ளே தள்ளியும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தார்கள். ஓரத்தை அளவாகக் கொள்ளக் கூடாது, கைபட்டுக் கைபட்டு அது நீண்டிருக்கும். இரண்டு பக்கப் பட்டையும் 71¾ இன்ச்சுக்கு வெட்டி, பட்டையிலும் மேல்துணியிலும் பாதி, கால் புள்ளிகளைக் குறித்து, அவற்றை முதலில் குத்தி, பிறகு 3 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி. இரண்டு பக்கமும் தைத்து இஸ்திரி போட்ட பிறகே மேல், கீழ்ப் பட்டைகளை அளந்தார்கள். 67⅞ இன்ச் வந்தது.

மூன்றாவது கோளாறு: அடித்துணியில் மடிப்பு

எல்லாவற்றிலும் அதிக நேரம் தின்றது இதுதான். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பெரிய இடம் வேண்டும். இருந்த ஒரே இடம் கம்பளம் விரித்த கூடம், அதுவும் வீட்டார் சாப்பிட்டு எழுந்து போகும் வரைக்கும் காத்திருந்து. ஒட்டும் ஸ்பிரே அடித்தால் சீக்கிரம் முடியும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும், அதன் ஆவி மூச்சில் போகக் கூடாது. ஜன்னல் மூடி ஹீட்டர் எரியும் வீட்டில் வேண்டாம் என்று ஊக்கைத் தேர்ந்தது சரியான முடிவு. (பேட்டிங், துணி எதுவாக இருந்தாலும் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே விரிக்க வேண்டும்.)

தவறு இரண்டு இடத்தில். கம்பளத்தில் அடித்துணியை டேப் ஒட்டி நிறுத்த முடியாது, அது தளர்ந்தே கிடந்தது. வீட்டில் இருந்த ஊக்கு நூற்றுக்கும் குறைவு, அதனால் 8 இன்ச்சுக்கு ஒன்று என்று குத்தினார்கள். உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது 4 இன்ச்சுக்கு ஒன்று வேண்டும். இந்த அளவுக்கு அது சுமார் 340 ஊக்கு.

அதன் மேல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. குயில்ட்டிங் கோடுகள் சதுரங்களின் மூலைக்கு மூலை, சுமார் 2¾ இன்ச் இடைவெளியில். அம்மா பகலில் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் நகர்ந்தார். இரவில் உட்கார்ந்த மகள், போர்வை சுருட்டி வைத்திருந்த வாக்கிலேயே எடுத்து ஒரு மூலையிலிருந்து உள்நோக்கித் தைத்தார். இரண்டு பக்கமிருந்தும் தள்ளப்பட்ட தளர்வான அடித்துணிக்கு வெளியேறப் போக்கில்லை. இருவரின் கோடுகளும் சந்தித்த இடத்தில் மூன்று மடிப்பு விழுந்தது. மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. ஒவ்வொரு கோடு முடிந்ததும் கையை அடியில் விட்டுத் தடவிப் பார்ப்பது ஒன்றே வழி.

பிரிக்கும்போது சீம் ரிப்பரால் (தையல் பிரிக்கும் சிறு கருவி) பின்பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒன்று வெட்டி, முன்பக்க நூலை இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். பேட்டிங் பிய்ந்து வராது. மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் 6 இன்ச் கூடுதலாகவே பிரித்தார்கள். மடிப்பு இருக்கும் இடத்தை மட்டும் பிரித்தால் உபரித் துணிக்குப் போக இடமிருக்காது. மகள் போட்ட மூலைக் கோடுகளில் நான்கை முழுவதுமாக எடுத்துவிட்டு, இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டு, அடித்துணியின் ஓரத்தைக் கிளிப் போட்டு நிறுத்தி, மறுபடி 4 இன்ச்சுக்கு ஊக்கு குத்தினார்கள். அடித்துணி சுருக்கமில்லாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முறுக்கேற இழுத்துக் கட்டினால் கிளிப்பை எடுத்ததும் சுருங்கி, மேல்துணி முழுக்க உப்பும்.

ஊசியும் இங்கே மாற்றினார்கள். சதுரம் இணைக்க 80/12 ஊசி, தையல் நீளம் 2.2 மி.மீ. மூன்று அடுக்கைத் தைக்க 90/14 ஊசி, 3 மி.மீ., கூடவே வாக்கிங் ஃபுட். அது மேல் அடுக்கையும் அடியில் உள்ளதோடு சேர்த்து நகர்த்தும்.

இதற்குப் பிறகு வந்த ஏற்பாடு, போர்வை சுருளிலேயே ஊக்கால் குத்திய ஒரு தாள். எந்த மெஷின், எந்த ஃபுட், ஊசி, தையல் நீளம், கடைசியாகத் தைத்த கோடு, அடுத்த கோடு எந்தத் திசையில் என்று எழுந்து போகிறவர் எழுதிவிட்டுப் போக வேண்டும். அளவு மாறினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை அதே தாளில் எழுத வேண்டும். இந்தத் தாள் முதல் நாளே இருந்திருந்தால் பார்டரும் அடித்துணியும் பிசகியிருக்காது.

நேரத்தையும் அப்போதுதான் வேலைக்கேற்பப் பிரித்தார்கள். வெட்டுவது, அடுக்கு சேர்ப்பது இரண்டும் துண்டு நேரத்துக்கு ஆகாது, நடுவில் எழக் கூடாத வேலை. ஜோடி ஜோடியாகச் சதுரம் தைப்பது, இஸ்திரி, நூல் நறுக்குவது எல்லாம் கால் மணி நேரத்தில் நிறுத்தி எடுக்கலாம். ஓரப்பட்டியைப் பின்பக்கம் கைத்தையலாகத் தைத்தது சித்தி. குளிர் மாலையில் அவர் மடியில் போர்வை கிடக்க, பிள்ளைகள் மறுமுனைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, வேலை தானாக நகர்ந்தது. நூல் 45 செ.மீ.க்கு மேல் எடுக்காமல், எடுத்த ஊசியை எண்ணி வைப்பது அவர் பழக்கம். சோபா உள்ள வீட்டில் எல்லோரும் பின்பற்ற வேண்டியது. வெளியே போகும் பையில் ஒவ்வொரு துணியிலும் 2 இன்ச் துண்டு குத்திய அட்டையும், வேண்டியவற்றின் அளவும் எப்போதும் இருந்தால் நூலுக்காக இரண்டாவது நடை நடக்க வேண்டாம்.

நான்காவது கோளாறு: சாயம்

துணிகளை முன்கூட்டித் துவைக்கவில்லை. அது தவறென்று சொல்ல முடியாது, பலரும் அப்படித்தான் தைக்கிறார்கள். ஆனால் கருஞ்சிவப்பை வெளிர் துணிக்குப் பக்கத்தில் வைக்கும்போது சோதனை கட்டாயம். 2 இன்ச் துண்டைக் கண்ணாடி டம்ளரில் வெந்நீரும் துளி சோப்பும் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, எடுத்து வெள்ளைத் துணி மேல் வைத்து உலரவிட வேண்டும். நீர் நிறம் மாறினாலோ வெள்ளையில் கறை பட்டாலோ அந்தத் துணியைத் தனியாக வெந்நீரில், நீர் தெளியும் வரை துவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

முதல் சலவை குளிர்ந்த நீரில். மெஷினிலிருந்து எடுத்தபோது கறை எதுவும் இல்லை. பிறகு கம்பியில் இரட்டையாக மடித்துப் போட்டு, ஹீட்டர் இல்லாத அறையில் இரண்டு நாள் விட்டார்கள். மடிப்பின் கீழ்ப்பகுதியில், சிவப்பும் வெளிரும் ஒட்டியிருந்த இடங்களில் இளஞ்சிவப்புக் கறை. நூலில் பிடிக்காமல் தங்கியிருந்த உபரிச் சாயம் குளிர்ந்த நீரில் முழுதாக வெளியேறவில்லை. ஈரம் நாள்கணக்கில் இருந்ததால் அந்த ஈரத்தோடு அது பக்கத்துத் துணிக்கு நகர்ந்தது. கோடையில் சில மணி நேரத்தில் காய்ந்திருந்தால் இதே போர்வை தப்பியிருக்கும்.

உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். பருத்தியில் ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை இரண்டும் பிடித்து நிறுத்தாது. வேண்டியது உபரியை வெளியேற்றுவது. குளியல் தொட்டி நிறைய, குழாயில் வரும் மிகச் சூடான நீர், சுமார் 60 டிகிரி. அதில் அரைக் கோப்பை, 120 மி.லி. அளவு, நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம். போர்வை எங்கும் நீருக்கு மேல் தலைகாட்டாமல் அழுத்தி 12 மணி நேரம். மேலே மிதக்கும் பகுதியில் சாயம் சேரும் என்பதால் வெள்ளைத் துண்டுகளை மேலே போட்டு மூடினார்கள். நீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி. முதல் ஊறலில் நீர் நன்றாகச் சிவந்தது, அடுத்ததில் வெளிறியது, அதற்கடுத்ததில் தெளிந்தது. அதுவரை போர்வையை உலரவிடவே இல்லை. இந்தப் பேட்டிங்குக்கு வெந்நீர் ஒத்துப்போகும். கம்பளிப் பேட்டிங் என்றால் வெந்நீரும் அலசலும் சேர்ந்து அதைத் திரட்டிவிடும், இந்த முறை கூடாது.

ஈரக் குயில்ட் மிகவும் கனம். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தையல் அறும், விரிப்பில் ஏந்தியே எடுக்க வேண்டும். மெஷினில் சுழற்றிப் பிழிந்த பிறகு, இந்த முறை இரண்டு கம்பிகளுக்கு மேல் மடிப்பில்லாமல் கிடைமட்டமாக விரித்து, அடியில் மின்விசிறி வைத்து, சில மணிக்கு ஒரு முறை திருப்பிப் போட்டார்கள். ஒரே நாளில் காய்ந்தது. அளவு 65 × 76½ இன்ச், சுமார் நான்கு சதவீதச் சுருக்கம். இந்த வகைப் பேட்டிங்குக்கு எதிர்பார்க்க வேண்டியதே.

கறை எல்லாம் போனது, ஓரத்தில் ஒரு வெளிர் சதுரம் தவிர. அதைப் பிரித்தெடுக்க முடியாது, மூன்று அடுக்கும் தைத்தாயிற்று. மிச்சமிருந்த அதே துணியை முதலில் துவைத்து உலர்த்தினார்கள், போர்வை சுருங்கிய அளவுக்கு அதுவும் சுருங்கியிருக்க வேண்டுமே. கறைபட்ட சதுரத்தை அளந்து, நான்கு பக்கமும் ¼ இன்ச் கூட்டி வெட்டி, ஓரத்தை உள்மடித்து இஸ்திரி போட்டு, பழைய சதுரத்தின் மேல் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத கைத்தையலால் தைத்தார் சித்தி. பிறகு அதன் குறுக்கே பழைய குயில்ட்டிங் கோட்டின் மேலேயே அதே நூலில் ஒரு ஓட்டுத்தையல். அடியில் இருந்த கறை வெளியே தெரியவில்லை.